பன்னிரண்டு ஐந்துக்குத் தொடங்கிய காப்புறுதி

மோட்டார் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கண்டிக் கிளையிலிருந்து கேட்டார்கள். இரண்டு பக்கம் போதுமாம். இரண்டு பக்கத்தில் நான் தொண்டையைச் செருமி முடித்திருக்க மாட்டேன். கூடிப்போனால் கடைசியில் வெட்டிக்கொள்ளுங்கள், நடுவில் கை வைக்க வேண்டாம்.

எனக்கு இப்போது வேலை எதுவும் இல்லை. கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குப் போகும் வீதியைப் பார்த்தபடி வீடு. காலைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எத்தனை வேன்கள் போகின்றன என்று எண்ணுவேன். நேற்று இருபத்தெட்டு, இன்று முப்பத்தொன்று. சொந்தப் பாவனைக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகிற வேனை, அது வளைவில் திரும்பும்போதே கண்டுபிடித்துவிடுவேன். கண்டுபிடித்து யாரிடம் சொல்வது? கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அடுத்த வேலை என்று ஒன்று இருந்தால்.

படிவம் நிரப்புவதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, அதை இப்போது இயந்திரமே செய்கிறது. இயந்திரத்துக்குத் தெரியாத ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் நாட்களில், வேன் வாங்கியவர் காப்புறுதி போட வரும்போது பணத்தோடு நல்ல நேரத்தையும் கொண்டுவருவார். தமிழர்கள் ராகு காலம் பார்த்தார்கள். சிங்களவர்கள் நெக்கத் என்ற சுபநேரம் பார்த்தார்கள். முழுப் பத்திரம் வரும் வரைக்கும் கொடுக்கும் தற்காலிகத் தாளான கவர் நோட்டில், காப்புறுதி எந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது என்று எழுத ஓர் இடம் இருக்கும். பணம் வாங்கிய நேரத்தை அங்கே எழுதும்படிதான் தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. எங்கள் கிளையில் வாடிக்கையாளர் கேட்ட நேரத்தை எழுதினோம். எதிர்ப்பக்கத்துக் கம்பனியிலும் அப்படித்தான் எழுதினார்கள், மறுத்தால் ஆட்கள் வீதியைக் கடந்து அங்கே போய்விடுவார்கள். தாளை முன்கூட்டியே எழுதி, கண்ணாடிக் குண்டின் கீழ் வைத்துவிட்டு, நேரம் வந்ததும் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்போம். வாங்குகிறவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

இதை எங்கள் கிளையில் மிக அழகாகச் செய்தவர் தியாகராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். முன் மேசை அவருடையது. நட்டஈடு கேட்டு வரும் உரிமைக் கோரிக்கைகளைப் பார்க்கும் பின் மேசை என்னுடையது. பதினொரு வருடம் ஒரே அறையில் இருந்தோம். மதியத்தில் என் மேசையில்தான் இருவருக்கும் சாப்பாடு. அவர் புட்டில் பாதி எனக்கு வரும், என் சோற்றில் பாதி அவருக்குப் போகும். "உம்மட கறியிலை உப்பை எண்ணிப் போட்டிருக்கிறீர், ஐசே" என்று என் எண்ணும் பழக்கத்தைக் கேலி செய்வார். வேறு யாரும் என்னைக் கேலி செய்ததில்லை. அவ்வளவு நெருக்கமாக வேறு யாரும் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முகாமையாளர் கொழும்புக்குப் போயிருந்தார். காலை பத்து மணி அளவில் மஹய்யாவையிலிருந்து செல்வராணி என்ற பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஐந்து வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு பழைய ஜப்பான் வேனை வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை முதல் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்க ஒப்பந்தமாகியிருந்தது. ஓட்டப் போகிறவன் அவள் தம்பி ரவி. விற்பனை நிலையத்து ஆள் வேனைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தி, சாவியை ரவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்கும். செல்வராணி பத்தேகாலுக்கே பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டுத் துண்டை வாங்கிவிட்டாள். அதன்பிறகு வேனின் அடிச்சட்ட இலக்கம் பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. தியாகராஜாவே கீழே போய் குனிந்து பார்த்துத் திருத்திக்கொண்டு மேலே வருவதற்குள் பத்தரை தாண்டிவிட்டது.

"சேர், ராகு காலம் புடிச்சிருச்சு" என்றாள் அவள். "பணம் நல்ல நேரத்துல குடுத்துட்டேன். இதையும் பன்னெண்டு தாண்டி எழுதுங்க. நான் இருந்து வாங்கிட்டுப் போறேன்."

"ஓம் பிள்ளை. பன்னிரண்டு ஐஞ்சு எண்டு எழுதுறன். அது வரைக்கும் வண்டி அசையப்படாது."

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "டேய் ரவி! வண்டியை அசைக்காத! கேட்டுச்சா?"

கீழேயிருந்து பதில் வந்தது: "ஒரு தடவ சொன்னா போதும்க்கா, ஊருக்கே கேட்டுருச்சு!"

தியாகராஜா சிரித்துக்கொண்டே தாளை எழுதிக் கண்ணாடிக் குண்டின் கீழ் வைத்தார். அவள் கதிரையில் குடையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். நான் பின்னால் வேறொரு கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தபோது கீழ்க்கடைக்காரர் படியேறி ஓடிவந்தார். "அந்த வெள்ளை வேன் உங்க ஆக்களுடையதா? பள்ளத்துல போய் அடிச்சிருச்சு!"

செல்வராணி குடையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். நானும் எழுந்தேன். தியாகராஜா கண்ணாடிக் குண்டை நகர்த்தி, அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் குடுக்கேல்லை. இது எங்கட கையிலைதான் இருக்கு. இதைக் கிழிச்சுப் போட்டுப் புதுசா ஒண்டு எழுதுவம். பத்தேகால் எண்டு போட்டா முடிஞ்சுது. காசு கட்டின நேரமும் அதுதானே?"

"முதல்ல இடத்தைப் பாத்துட்டு வர்றேன்."

"பார்த்து என்ன செய்யப் போறீர்? பொலிஸ் வந்து கேக்கிறதுக்குள்ளை எழுத வேணும்."

தாளை அவர் கையிலிருந்து வாங்கினேன். அதை எங்கே வைப்பது என்று யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. என் அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்தபோது தியாகராஜா என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடமாக அந்த அலுமாரிச் சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பிமாரே, தங்கைமாரே, இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். விபத்து நடந்த பிறகு முதல் கொஞ்ச நேரம் எல்லாரும் தாளைத்தான் பார்ப்பார்கள். தாள் எங்கும் ஓடிப்போகாது. வீதியில் கிடப்பதுதான் மாறிக்கொண்டே இருக்கும். வண்டியை இழுத்துவிடுவார்கள், கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிவிடுவார்கள், பார்த்தவர்கள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். ஆகவே முதலில் இறங்கிப் போங்கள்.

நான் இறங்கிப் போனேன். தெரு சரிந்து இறங்கும் இடத்தில் வேன் ஒரு மதிலில் முட்டி நின்றது. முன்பக்கம் முழுவதும் உள்ளே போயிருந்தது. மதிலுக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு தள்ளுவண்டி நொறுங்கிக் கிடந்தது. தோடம்பழங்கள் பள்ளத்தில் உருண்டு போயிருந்தன. அந்தத் தள்ளுவண்டிக்காரர் ஜமால்தீன் நானாவை எனக்கு முகம் தெரியும். கடை வாசற்படியில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். வலது காலின் மேல் யாரோ சாரம் ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "மஹத்தயா, கால் ஈக்கிதா? நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் பாக்க மாட்டேன்."

சாரத்தைத் தூக்கிப் பார்த்தேன். "இருக்கு, நானா."

"நெசமாவா?"

"இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"பழத்த பொறுக்கச் சொல்லுங்க, கடன் சரக்கு" என்றார். அதற்குள் முச்சக்கர வண்டி வந்தது. அவரை ஏற்றினோம்.

ரவிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மதிலில் சாய்ந்து நின்றான். ஒரு பொலிஸ்காரர் அவன் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தார். ரவி சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினான். அக்கா மேலே காப்புறுதி அலுவலகத்தில் இருக்கிறாள், ராகு காலம் முடிந்ததும் பத்திரத்தைக் கையில் கொடுப்பார்கள், அது வரை அசைக்காதே என்றுதான் சொன்னாள், வாசலில் நிறுத்தக் கூடாது என்று நீங்கள்தானே எடுக்கச் சொன்னீர்கள், எடுத்தேன், இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பொலிஸ்காரர் எழுதிக்கொண்டே போனார். தன்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் அவர் எழுதவில்லை என்று நினைக்கிறேன். ராகு காலத்தை எழுதியதைப் பார்த்தேன். இரண்டு முறை கேட்டு எழுதினார்.

செல்வராணி வேனின் பக்கத்தில் நின்றாள். தொட்டுப் பார்க்கவில்லை. என்னைக் கண்டதும் பணம் கட்டிய துண்டை நீட்டினாள்.

"சேர், பத்தேகாலுக்கே கட்டிட்டேன்ல? இந்தா பாருங்க, சீல் இருக்கு. அந்தச் சேர் மேல இருந்து வந்து சொல்லிட்டுப் போறாரு, மாத்தி எழுதலாமாம். நீங்கதான் விட மாட்டேங்கிறீங்களாம்."

"உங்க தம்பி நேரத்தைப் பொலிசுக்குச் சொல்லிட்டான், அம்மா. இப்போ நாங்க மாத்தி எழுதி அது பிடிபட்டா, உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. பொய்ப் பத்திரம்னு சொல்லிக் கம்பனி எல்லாத்தையும் தள்ளிரும். அந்த மனுசனுக்கும் ஒண்ணும் கெடைக்காது. அவர் காலைப் பாத்துட்டு வர்றேன்."

"எனக்கு?" என்றாள்.

நான் வேனின் முன்பக்கத்தைப் பார்த்தேன்.

"எனக்கு, சேர்? அஞ்சு வருசம் குவைத்துல கெடந்தேன். எனக்கு என்ன?"

"உள்ளதை உள்ளபடி எழுதிக் கேக்கிறேன். நீங்க பணம் கட்டிட்டீங்க, நாங்க வாங்கி வச்சிட்டோம். அதை வச்சுக் கேக்கலாம்."

"கேட்டா குடுப்பாங்களா?"

"தெரியாது."

அவள் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பி நின்ற பக்கம் போனாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நான் மேலே வந்தபோது தியாகராஜா தன் மேசையில் இல்லை, என் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"பெடியன் பயத்திலை சொன்னது" என்றார். "அந்தப் பொலிஸ்காரரோடை நான் கதைக்கிறன். எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்."

"நீங்க கதைச்சா அவர் கேப்பார். அதுதான் எனக்குப் பயம்."

"ஐசே, அந்தப் பிள்ளை எங்களை நம்பிக் கதிரையிலை இருந்தவ. நேரத்தை எழுதினது நான். அவவுக்கு என்ன தெரியும்? எங்களுக்கெல்லோ தெரிஞ்சிருக்க வேணும்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. இன்று வரைக்கும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஜமால்தீன் நானாவின் சாரத்தைத் தூக்கிப் பார்த்தது நான். அவர் பார்க்கவில்லை.

"அதையேதான் எழுதப் போறேன்" என்றேன்.

தியாகராஜா எழுந்து கதிரையை எனக்கு விட்டார். "நீர் சரியான மனிசன்தான். ஆனா உம்மோடை ஒருத்தரும் ஆறுதலா இருக்கேலாது."

அன்று பின்னேரமே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பணம் பத்தேகாலுக்கு வாங்கப்பட்டது, வேனைப் பார்வையிட்டாயிற்று, வாடிக்கையாளர் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார், தொடங்கும் நேரம் பன்னிரண்டு ஐந்து என்று எழுதப்பட்டது இந்தக் கிளையில் வெகுகாலமாக இருக்கும் வழக்கத்தால். அந்த வழக்கத்தின் ஆபத்தை வாடிக்கையாளருக்கு யாரும் விளக்கவில்லை. ஆகவே காயமடைந்தவருக்கும் வாகனத்துக்கும் நட்டஈடு வழங்க வேண்டும் என்று கேட்டேன். அனுப்புமுன் தியாகராஜாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"என்ரை பேர் இதிலை இல்லை" என்றார்.

"இல்லை. கிளைன்னுதான் எழுதியிருக்கேன்."

"கவர் நோட்டிலை இருக்கிற கையெழுத்து ஆரின்ரை எண்டு அவையளுக்குத் தெரியும்."

கடிதத்தை உறையில் இட்டு ஒட்டினேன். அன்று மதியம் அவர் தன் மேசையிலேயே சாப்பிட்டிருந்தார். திங்கட்கிழமையும். பிறகு நான் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டேன். என் சோற்றில் பாதியைத் தினமும் திருப்பிக் கொண்டுபோனேன். அளவைக் குறைத்துச் சமைக்கச் சில மாதங்கள் பிடித்தன.

தலைமை அலுவலகத்தின் பதில் வந்தபோது அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. கம்பனி பணத்தை வாங்கிவிட்டுப் பத்திரத்தைத் தாமதித்ததால், காயமடைந்தவருக்கு நட்டஈடு கொடுக்கப்படும். பிந்திய நேரத்தை வாடிக்கையாளரே கேட்டதால், வாகனத்துக்குக் கொடுக்க முடியாது. மூன்றாவது, நல்ல நேரம் எழுதும் வழக்கம் உடனே நிறுத்தப்பட வேண்டும். கடிதத்தோடு தனி உறையில் தியாகராஜாவுக்கு மாத்தறைக் கிளைக்கு மாற்றல் உத்தரவும் இருந்தது.

ஜமால்தீன் நானா பிறகு ஊன்றுகோலோடு நடந்தார். தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஓர் இடத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்தார். என்னைக் கண்டால் கூப்பிட்டு ஒரு தோடம்பழம் தருவார். பணம் வாங்க மாட்டார். அந்தப் பக்கம் போவதை நான் குறைத்துக்கொண்டேன்.

தியாகராஜாவின் கடைசி நாளில் தேநீரும் கேக்கும் வாங்கியிருந்தார்கள். அவர் ஒவ்வொரு மேசையாக வந்து கை கொடுத்தார். என் மேசைக்கு முந்திய மேசையில் நின்றபோது என் தொலைபேசி அடித்தது. கெலிஓயாவிலிருந்து ஒரு லொறி விபத்து. விபரம் எழுதி, வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் படியிறங்கிப் போயிருந்தார். அவர் காத்திருக்கவில்லையா, நான் அழைப்பை நீட்டினேனா என்று இப்போதும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

கிளையில் மற்றவர்கள் என்னோடு சண்டை போடவில்லை. நான் வரும்போது பேச்சை மாற்றினார்கள், அவ்வளவுதான். நல்ல நேரம் கேட்டு வந்தவர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். எங்கள் முகவர்களுக்கு அதில் நட்டம். நட்டத்துக்குக் காரணம் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நாள் யோசித்துத்தான் எனக்கு ஒரு வழி தோன்றியது. நல்ல நேரம் கேட்டு வருகிறவர்களை முன் மேசையிலிருந்து என்னிடம் அனுப்பும்படி செய்தேன். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே கடிகாரத்தில் உள்ள நேரத்தைப் போட்டு எழுதிவிடுவேன். காப்புறுதி அந்த நொடியே தொடங்கிவிடும். தாளை மட்டும் வைத்திருந்து, அவருடைய நல்ல நேரத்தில் எடுத்து இரண்டு கையாலும் கொடுப்பேன். இரண்டும் வேறு வேறு என்று விளக்கிச் சொன்னால் யாரும் மறுக்கவில்லை. சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவு சின்ன விஷயம், அந்த வெள்ளிக்கிழமை அந்த அறையில் இருந்த எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களிடமும் நல்ல நேரம் கேட்டு வருவார்கள். சிரிக்க வேண்டாம். கேட்கிறவருடைய ஐந்து வருடம் அந்த வேனுக்குள் இருக்கும்.

மாற்றல் நடந்து சில வாரங்களுக்குப் பிறகு செல்வராணி வந்தாள். நொறுங்கிய வேனைக் கம்பளையில் ஒரு கராஜ்காரருக்கு விற்றுவிட்டாளாம். மறுபடியும் குவைத்துக்குப் போகிறாள். காப்புறுதியை இரத்துச் செய்ய வந்திருந்தாள். முன் மேசையில் புதிய ஆள் இருந்ததால் நேராக என்னிடம் வந்தாள்.

"அந்தச் சேர் இல்லீங்களா?"

"மாற்றலாகிப் போயிட்டார். மாத்தறைக்கு."

"என்னாலயா?"

"இல்லை, அம்மா. அது அலுவலக விஷயம்."

அவள் நம்பவில்லை. படிவத்தில் கையெழுத்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பழக்காரருக்குக் குடுத்துட்டாங்களாமே?"

"குடுத்துட்டாங்க."

"நல்லது. அவருக்காவது வந்துச்சே." பேனையை என் பக்கம் வைத்தாள். "சேர், நீங்க அன்னிக்கு மாத்தி எழுதியிருந்தா எனக்கு வேன் இருந்திருக்கும்ல?"

"பிடிபடாம இருந்திருந்தா, இருந்திருக்கும்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. அவள் தலையாட்டினாள், கோபம் இல்லை.

"அந்தச் சேர் வீட்டு அட்ரஸ் குடுங்க. அங்க போய் ஒரு லெட்டர் போடணும். எனக்காக அவருதான் பேசுனாரு."

"என்கிட்ட இல்லை" என்றேன்.

"இல்லியா? பதினோரு வருசம் ஒரே ரூம்ல இருக்கோம்னு அன்னிக்கு என்கிட்ட பெருமையா சொன்னாரே?"

"இருந்தோம்."

அவள் என்னைப் பார்த்தாள். வேன் நொறுங்கிய அன்றுகூட அவள் முகத்தில் நான் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன். அது என்மேல் பரிதாபம் என்று விளங்கச் சிறிது நேரம் ஆனது.

"ஒடம்பப் பாத்துக்கங்க, சேர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் பேராதனையிலிருந்து பாண் விற்கும் வேன்காரர் ஒருவர் நின்றார். புது வண்டி, கையில் பணம், சட்டைப் பையில் நாள்காட்டித் தாள். உட்காரப் போனவரை நிறுத்திக் கேட்டேன்.

"வண்டி இப்போ எங்க நிக்குது?"

"கீழ, வாசல்லதான் சேர். ஆனா கொஞ்சம் பொறுங்க, நல்ல நேரம் ஒண்ணரைக்குத்தான்."

"ஒண்ணரைக்குக் கையில தர்றேன்" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினேன்.